மேசைமலையை மேசைமலை என்றே எழுதுங்கள்
பள்ளிப் புவியியல் பாடநூல்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றுக்குத் தமிழ்க் கலைச்சொல் வகுத்துத் தருகிற அறிஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். 31 ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது மாலை நேரத்தில் என் பேத்தியும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார்கள். போன மாதம் ஒரு நாள் பேத்தி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்: "மெசா என்பது தட்டையான உச்சியும் செங்குத்தான பக்கங்களும் கொண்ட நிலத்தோற்றம்." இதையே நாலைந்து தடவை திருப்பித் திருப்பிச் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "தாத்தா, மெசான்னு ஏன் பேர் வந்துச்சு? அதைக் கண்டுபிடிச்சவரோட பேரா?" என்று கேட்டாள்.

கேட்கும்போது அவளுடைய இரண்டு முழங்கையும் மேசைமேல் ஊன்றியிருந்தன. புத்தகமும் மேசைமேல்தான் விரிந்திருந்தது.

"நீ கை வச்சிருக்கியே, அதுதாம்மா மெசா" என்றேன். அவள் நம்பவில்லை. விளக்கிச் சொன்னதும் மூன்று பிள்ளைகளும் மேசையைத் தடவிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. 31 ஆண்டுகளில் எத்தனை வகுப்புகளுக்கு இந்தப் பாடத்தை நடத்தியிருப்பேன்! ஒரு பிள்ளைக்குக்கூட இதைச் சொன்னதில்லை. எனக்கே பணியின் கடைசிக் காலத்தில்தான் தெரியவந்தது. பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஸ்பானிய மொழியில் 'மேசா' என்றால் மேசை. வேறு பொருள் தேட வேண்டியதில்லை. சாப்பிட உட்காருகிற, எழுத உட்காருகிற அதே மேசைதான். லத்தீனில் அது 'மென்சா'. பேச்சு வழக்கில் நடுவில் இருந்த மெய்யெழுத்து தேய்ந்துபோய், ஸ்பானிய மொழியிலும் போர்ச்சுக்கீசிய மொழியிலும் 'மேசா' என்று நின்றது. ஸ்பெயின்காரர்கள் கப்பலேறி மேற்கே அமெரிக்கக் கண்டத்துக்குப் போனார்கள். போர்ச்சுக்கீசியர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்து 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் கொச்சி, முத்துக்குளித்துறை, நாகப்பட்டினம், இலங்கை என்று அவர்கள் கால் பட்ட இடத்திலெல்லாம் அவர்களுடைய வீட்டுச் சாமான்களின் பெயர்களும் இறங்கின. சன்னல், சாவி, அலமாரி எல்லாம் அப்படி வந்தவைதான். மேசையும் அவற்றோடு வந்தது.

ஆகாரத்தில் முடிகிற அயற்சொல்லைத் தமிழ் பெரும்பாலும் ஐகாரமாக்கிக்கொள்ளும். சபா சபையானது, மாலா மாலையானது, கதா கதையானது. அதே வழியில் மேசா மேசையானது. தமிழ்நாட்டில் நம்மில் பலர் அதை மேஜை என்கிறோம். யாழ்ப்பாணத்தில் மேசைதான். மலையாளத்தில் மேச, சிங்களத்தில் மேசய, மலாயில் மேஜா, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் பேசுகிற ஸ்வாஹிலியில் மேஸா. போர்ச்சுக்கீசியக் கப்பல் நின்ற துறைமுகங்களின் வரிசையை இந்த ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆக, ஒரே சொல் இரண்டு கடல்களில் பிரிந்து போயிருக்கிறது. கிழக்கே வந்தது 500 ஆண்டுகளாக நம் வீட்டுக்குள் இருக்கிறது. மேற்கே போனது அமெரிக்கப் பாலைநிலத்தில் ஒரு மலைக்குப் பெயராகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ஆங்கிலப் புவியியல் நூல்கள் வழியாக நம் பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே வகுப்பறையில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. புத்தகத்தில் இருக்கிற மெசாவுக்கும் அதற்கு அடியில் இருக்கிற மேசைக்கும் உறவு உண்டு என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை.

எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இல்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பாடக்குறிப்பில் 'மெசா' என்று இருக்கும், இன்னொன்றில் 'மீசா', வேறொரு தேர்வுக் கையேட்டில் 'மிசா'. என் வயதுக்காரர்களுக்கு மிசா என்றாலே நெருக்கடி நிலைக் காலத்துச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். மீசா என்று படித்த ஒரு பையன் தேர்வில் 'மீசை' என்றே எழுதியிருந்தான். எழுத்துப் பிழை என்று சிவப்பு மையில் சுழித்தேன். அவன் மேல் என்ன குற்றம்? காதில் விழுந்த புரியாத சொல்லைத் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். சரியான சொல் பக்கத்திலேயே இருந்தது. அதை நாங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை.

இந்தப் பெயர் அமெரிக்காவில் எப்படி நிலத்தின்மேல் உட்கார்ந்தது என்பதையும் பாடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். 1540-இல் கொரோனாடோ என்ற தளபதியின் தலைமையில் ஒரு ஸ்பானியப் படை மெக்சிகோவிலிருந்து வடக்கே கிளம்பியது. பொன் நிறைந்த நகரங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனார்கள். பொன் கிடைக்கவில்லை. இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள் இருக்கிற அந்த வறண்ட வெளியில் அவர்கள் கண்டது, தரையிலிருந்து செங்குத்தாக எழுந்து உச்சியில் பலகைபோலத் தட்டையாக நிற்கிற மலைகளை. அவற்றில் சிலவற்றின் உச்சியில் ஊர்கள் இருந்தன. ஆக்கோமா என்ற ஊர் சுமார் 110 மீட்டர் உயரமுள்ள அப்படியொரு பாறைமேல் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாறையில் வெட்டிய படிகளிலும் கைப்பிடிக் குழிகளிலும் தொற்றித்தான் ஏற முடியும். அந்த மக்கள் தங்கள் ஊரை ஹாக்கு என்கிறார்கள். கொஞ்சம் மேற்கே ஹோப்பி மக்களின் ஊர்களும் இப்படிப்பட்ட உச்சிகளில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒராய்பி என்ற ஊரில் ஏறக்குறைய 900 ஆண்டுகளாக இடைவிடாமல் மனிதர்கள் வாழ்ந்துவருகிறார்கள். ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பாறைகளுக்கு அவற்றின்மேல் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இருந்தன. வந்தவர்கள் தங்கள் வீட்டுச் சாமானின் பெயரை அவற்றின்மேல் வைத்தார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1599 ஜனவரியில் ஸ்பானியப் படை ஆக்கோமா மலைமேல் ஏறி ஊரை அழித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் அடிமைகளாக்கப்பட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவும் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வரி போதும். நிலத்தோற்றங்களின் பெயர்களை வானத்திலிருந்து விழுந்தவைபோல மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, ஒவ்வொரு பெயரையும் யாரோ வைத்தார்கள், அதற்குமுன் வேறு யாரோ அங்கே இருந்தார்கள் என்று தெரிவது நல்லதுதானே?

1848-இல் மெக்சிகோவோடு நடந்த போர் முடிந்து அந்த நிலப்பரப்பு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைக்குப் போனது. ஆங்கிலம் பேசுகிற நில அளவையாளர்களும் நிலவியலாளர்களும் அங்கே போனார்கள். அவர்கள் வளர்ந்த பசுமையான கிழக்குப் பகுதியில் இப்படிப்பட்ட நிலமே கிடையாது. அதனால் அங்கே ஏற்கெனவே வழங்கிவந்த ஸ்பானியச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மேசா மட்டும் இல்லை. கேன்யன், அரோயோ, பிளாயா, சியரா என்று ஒரு கூட்டமே அப்படித்தான் நிலவியலுக்குள் நுழைந்தது.

இனி, பெயரைத் தெரிந்துகொண்டால் பாடம் எப்படி எளிதாகிறது என்று சொல்கிறேன். என் மடலில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

மேசை என்றதும் பிள்ளையின் மனதில் மூன்று விஷயங்கள் தானாகவே வந்துவிடுகின்றன. மேலே ஒரு பலகை, அது தட்டை, விளிம்பில் சட்டென்று ஓர் இறக்கம். அந்தப் பலகைதான் இந்த நிலத்தோற்றத்தின் உயிர். மேசைமலையின் உச்சியில் கடினமான பாறை ஒரு மூடிபோலக் கிடக்கும். சில இடங்களில் அது மணற்பாறை, சில இடங்களில் உறைந்த எரிமலைக் குழம்பு. அதற்கு அடியில் களிப்பாறைபோல மென்மையான அடுக்குகள் இருக்கும். மழையும் ஓடையும் காற்றும் பக்கவாட்டில் மென்மையான அடுக்கை அரிக்கின்றன. அடியில் பிடிமானம் போனதும் மேலே இருக்கிற கடினப்பாறை விளிம்பில் உடைந்து பெரிய பெரிய துண்டுகளாக விழுகிறது. அதனால்தான் பக்கம் சரிவாகாமல் செங்குத்தாகவே நிற்கிறது. மலை உயரத்தில் அவ்வளவாகக் குறையாது. ஓரங்களில் உள்வாங்கிக்கொண்டே போகும். பெரிய பீடபூமி துண்டுபட்டு மேசைமலையாகும். மேசைமலை ஒடுங்கி, அகலத்தைவிட உயரம் அதிகமாகத் தெரிகிற குன்றாகும். அந்தக் குன்றுக்கு ஆங்கிலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்த 'பியூட்' என்ற பெயர். அதுவும் ஒடுங்கினால் ஒற்றைத் தூண். யூட்டா, அரிசோனா எல்லையில் நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிற மான்யுமென்ட் பள்ளத்தாக்கில் இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். சில பாறைகள் தரையிலிருந்து 300 மீட்டர் வரை எழுந்து நிற்கின்றன.

மேசை என்ற உவமை ஓர் இடத்தில் பிள்ளையைத் தவறாகவும் கொண்டுபோகும். அதையும் சொல்லிவிட வேண்டும். மேசையைக் கால் வைத்து யாரோ தூக்கி நிறுத்துகிறார்கள். மேசைமலையை யாரும் தூக்கி நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் அந்த உச்சியின் மட்டத்தில்தான் சுற்றியிருந்த நிலம் முழுவதும் இருந்தது. மற்றதெல்லாம் கரைந்துபோக, இது மட்டும் மிஞ்சியிருக்கிறது. மேசைமலை உச்சியில் நிற்கிறவர் ஒரு பழைய தரைமட்டத்தில் நிற்கிறார். இதைச் சொன்னபோது என் பேத்தியின் தோழி ஒருத்தி, "அப்போ குளத்துல மண் எடுக்கிறப்போ நடுவுல அளவுக்காக விட்டு வைப்பாங்களே, அந்த மாதிரியா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம், அதே மாதிரிதான். எங்கள் ஊர்ப் பக்கம் குளம் வெட்டும்போது எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று கணக்குப் பார்க்க நடுவில் ஒரு மண் திட்டை அப்படியே விட்டுவைப்பார்கள். சுற்றிலும் வெட்டிய பிறகு அது மேல்தட்டையாகத் தனியாக நிற்கும். என் பணிக்காலம் முழுவதும் தேடியும் எனக்குக் கிடைக்காத உவமை அது. அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது. பெயர் புரிந்ததால்தான் கிடைத்தது என்று நம்புகிறேன்.

இதில் இன்னும் வியப்பானது கொலராடோ மாநிலத்தில் இருக்கிற கிராண்ட் மேசா. பெயரின் பொருள் பெரிய மேசை. பரப்பு சுமார் 1,300 சதுர கிலோமீட்டர். உச்சி 3,000 மீட்டருக்கும் மேலே, நம் தொட்டபெட்டாவைவிட உயரம். மேலே 300-க்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன. அதன் மூடி, சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. குழம்பு எங்கே வழியும்? பள்ளத்தில்தானே வழியும். அன்றைக்குப் பள்ளத்தாக்காக இருந்த இடத்தில் ஓடி உறைந்து கெட்டியானது. அப்புறம் சுற்றியிருந்த மென்மையான உயர்நிலம் எல்லாம் அரித்துப் போய்விட்டது. பள்ளத்தாக்காக இருந்தது மலையாக நிற்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

பெயர் மட்டும் போதாது, பொருளும் தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மேசா வெர்டே. ஸ்பானிய மொழியில் பச்சை மேசை. அதுவும் கொலராடோவில்தான் இருக்கிறது. உச்சியில் சூனிப்பர், பின்யோன் மரங்கள் அடர்ந்து பச்சையாகத் தெரிவதால் அந்தப் பெயர். அங்கே பாறைக் குடைவுகளுக்குள் பழைய பியூப்லோ மக்கள் கட்டிய வீடுகள் சுமார் 600 இருக்கின்றன. அவற்றில் பெரியதான 'கிளிஃப் பேலஸ்' எனும் குடியிருப்பில் மட்டும் ஏறக்குறைய 150 அறைகள். உச்சியில் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்து வாழ்ந்தவர்கள் 1300 வாக்கில் தெற்கே போய்விட்டார்கள். 1906-இல் அது தேசியப் பூங்காவானது, 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உலகத்தில் மேசா என்ற பெயரோடு இவ்வளவு புகழ் பெற்ற இடம் வேறில்லை என்பேன். ஆனால் நிலவியல் கணக்கில் அது மேசாவே இல்லை. உச்சி சமமாக இல்லாமல் தெற்கு நோக்கிச் சுமார் 7 பாகை சாய்ந்திருக்கிறது. அப்படி ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து மறுபக்கம் செங்குத்தாக வெட்டி நிற்பதற்கு நிலவியலில் 'குவெஸ்டா' என்று பெயர். அதுவும் ஸ்பானியச் சொல்தான், பொருள் சரிவு. மேசையின் ஒரு பக்கத்துக் கால்களை அறுத்துவிட்டால் எப்படி நிற்குமோ அப்படி. மேசை எது, சரிவு எது என்று பொருள் தெரிந்த பிள்ளையால் இந்த வேறுபாட்டை யோசித்தே சொல்லிவிட முடியும். மெசா, குவெஸ்டா என்று ஒலியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வு முடிந்த மறுநாள் இரண்டையும் மாற்றிச் சொல்லும். எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன்.

சரி, தமிழில் என்ன பெயர் வைப்பது? 'மேசைமலை' என்பது என் வேண்டுகோள். சிறியதாக இருந்தால் மேசைக்குன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் பின்னால் நிற்கிற 1,086 மீட்டர் உயர மலையைத் தமிழில் மேசை மலை என்று எழுதுவது ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. ஒரு மலைக்குப் பொருந்துகிற பெயர் அந்த வகை மலைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாதா?

மேசையே அயற்சொல்தானே, அதை வைத்துக் கலைச்சொல் செய்யலாமா என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 500 ஆண்டுகளாக வேற்றுமை உருபெல்லாம் ஏற்று, மேசையில், மேசைக்கு, மேசைமேல் என்று தமிழ்ச் சொல்லாகவே நடமாடுகிற ஒன்றை இன்னும் விருந்தாளியாக வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மேசை வேண்டாம், வேறு சொல்தான் வேண்டும் என்றால் அதற்கும் நான் எதிரியில்லை. பலகைமலை என்று வைக்கலாம். 'திண்ணைமலை' என்று ஒரு முறை என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். எவ்வளவு அழகான சொல்! ஆனால் திண்ணை வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கும், இந்த மலை நாலாபுறமும் தனித்து நிற்கும். அதனால் மனமில்லாமல்தான் அதை ஒதுக்குகிறேன். நீங்கள் ஒதுக்க வேண்டும் என்று இல்லை.

வேண்டாம் என்று நான் சொல்வது ஒன்றைத்தான். மேசாவையும் பீடபூமி என்றே எழுதிவிடுவது. சில குறிப்பேடுகளில் அப்படி இருக்கிறது. பீடபூமி பரந்தது. தக்காணம் முழுவதும் பீடபூமி. அதிலிருந்து அரிபட்டுத் தனித்து நிற்கிற துண்டுதான் மேசைமலை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், ஒன்று மற்றொன்றாக மாறுகிற கதையைச் சொல்லவே முடியாமல் போகும். ஆனால் பீடபூமி என்ற சொல்லை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பீடம் என்றால் இருக்கை. ஆங்கிலத்தில் அதற்கு வழங்குகிற 'பிளாட்டோ' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாம்பாளம் என்றும் பொருள் உண்டு. ஸ்பெயின் நாட்டின் நடுவில் இருக்கிற பெரிய பீடபூமிக்கு மெசேட்டா என்று பெயர், அது மேசாவிலிருந்து பிறந்தது. உயர்ந்த தட்டை நிலத்தைப் பார்த்த மனிதர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் வீட்டுக்குள் இருக்கிற ஒரு தட்டையான பொருளைத்தான் நினைத்திருக்கிறார்கள். நமக்குப் பீடம், பிரெஞ்சுக்காரருக்குத் தாம்பாளம், ஸ்பெயின்காரருக்கு மேசை. இந்த மூன்றையும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

நம் நாட்டு எடுத்துக்காட்டும் ஒன்று வேண்டும். மகாராட்டிரத்தில் பஞ்சகனி ஊருக்கு மேலே இருக்கிற தட்டை உச்சியைப் படத்தோடு போடுங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைப் பாறை, அதன்மேல் செம்புறாங்கல் மூடி. அங்கே வருகிற சுற்றுலாப் பயணிகள்கூட அதை 'டேபிள் லேண்ட்' என்றுதான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் ரயிலேறிப் போய்ப் பார்க்கக்கூடிய மேசை அது.

மற்ற ஸ்பானியச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால்டெரா என்றால் பெரிய கொப்பரை. எரிமலையின் உச்சி இடிந்து உள்ளே இறங்கி ஏற்படுகிற பள்ளத்துக்கு அந்தப் பெயர். எரிமலைக் கொப்பரை என்றால் கல்யாண வீட்டுச் சமையலைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் புரியும். அரோயோ என்றால் ஓடை. அமெரிக்கப் பாலையில் மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓடைக்கு அதைச் சொல்கிறார்கள். நமக்குக் காட்டாறு இருக்கிறது, காட்டோடை இருக்கிறது. பிளாயா மட்டும் கொஞ்சம் சிக்கலானது. ஸ்பானிய மொழியில் அதற்குக் கடற்கரை என்று பொருள், நிலவியலிலோ வறண்டுபோன ஏரியின் தட்டைத் தரை. அங்கே மொழிபெயர்த்தால் குழப்பம்தான் வரும். ஒலிபெயர்த்தே எழுதுங்கள், அடைப்புக்குள் பொருளை விளக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எங்கே நம் வீட்டிலேயே சொல் இருக்கிறதோ அங்கே அதை எடுங்கள் என்கிறேன்.

அந்த லத்தீன் மென்சா எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதையும் சொல்ல ஆசையாக இருக்கிறது. 1751, 1752 ஆண்டுகளில் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் கேப் டவுனில் தங்கித் தென் வானத்து விண்மீன்களைக் கணக்கெடுத்தார். அப்போது வகுத்த புதிய விண்மீன் கூட்டங்களில் ஒன்றுக்கு, தான் தினமும் பார்த்த மேசை மலையின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் அது மென்சா என்ற பெயரில் விண்மீன் பட்டியலில் இருக்கிறது. அந்த மலையின் உச்சியில் அடிக்கடி வெண்மேகம் துணி விரித்ததுபோலப் படியும், மேசைத்துணி என்றே அதைச் சொல்வார்கள். விண்ணில் இருக்கிற மேசைமேலும் பெரிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் திரள் அதேபோலப் படிந்திருக்கிறது. அப்புறம் செவ்வாய்க் கோள். அங்கே தட்டை உச்சியும் செங்குத்துப் பக்கமும் கொண்ட மேடுகளுக்குச் சர்வதேச வானியல் ஒன்றியம் வைத்திருக்கிற வகைப்பெயர் மென்சாதான். 1976 ஜூலையில் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படத்தில் மனித முகம்போலத் தெரிந்து உலகமே பேசியதே, சைடோனியா பகுதியில், அதுவும் ஒரு மேசைமலைதான். வெளிச்சம் விழுந்த கோணத்தில் நிழல் முகம்போலத் தெரிந்தது. பின்னால் போன விண்கலங்கள் அருகிலிருந்து எடுத்த படங்களில் வெறும் அரிபட்ட மேடுதான் இருந்தது. வீட்டு மேசையில் தொடங்கிய ஒரு பாடத்தைச் செவ்வாய் வரைக்கும் கொண்டுபோகலாம், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே.

என் வேண்டுகோள்களைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த பதிப்பில் மெசா என்று வருகிற இடத்தில் மேசைமலை என்று எழுதுங்கள். ஆங்கிலவழியில் மேற்படிப்புக்குப் போகும்போது தடுமாறக் கூடாது என்பதற்காக மேசா என்ற ஒலிப்பையும் பக்கத்தில் கொடுங்கள். குறில் வேண்டாம், நெடில் போடுங்கள், ஸ்பானிய ஒலிப்பும் அதுதான். "ஸ்பானிய மொழியில் மேசா என்றால் மேசை, தமிழின் மேசையும் போர்ச்சுக்கீசியம் வழியாக வந்த அதே சொல்" என்று ஒரே ஒரு வரி சேருங்கள். இடமில்லை என்றால் பயிற்சி வினாக்களில் ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போடலாம்.

புத்தகம் மாற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரைக்கும் விடைக்குறிப்பில் ஒரு திருத்தமாவது செய்து, விடை திருத்துகிற ஆசிரியர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மார்ச் மாதத் தேர்வில் மேசைமலை என்று எழுதினால் மதிப்பெண் போடுவார்களா, இல்லை மெசா என்றுதான் எழுத வேண்டுமா என்று என் பேத்தி தினமும் கேட்கிறாள். போடுவார்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்